லேப் அண்ணாச்சி பதில்கள்: தீயில் காட்டினால் குட்டு வெளிப்படுமா?

போன மாதம் மத்தாப்பு பற்றிய ஒரு கேள்விக்கு, ‘உப்பைத் தீயில் காட்டினால் அதில் இருக்கிற உலோகம் நிறத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்கும்’ என்று ஒற்றை வரி எழுதிவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. பாளையங்கோட்டையில் கல்லூரி ஆய்வகத்தில் குடுவை கழுவி, அமிலம் அளந்து, பர்னர் பற்றவைத்துச் சம்பளம் வாங்கினவன் நான். கையால் செய்து கண்ணால் பார்த்த அளவில் பதில் சொல்கிறேன்.

சால்ட் அனாலிசிஸில் எந்த உப்பைக் கொடுத்தாலும் எனக்கு மஞ்சள் சுவாலைதான் வருகிறது. பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு பேரியம் பச்சையாக எரிகிறது. என் கையில் என்ன கோளாறு?
*— பிளஸ் டூ மாணவி, வள்ளியூர்*

எதில் தொட்டுக் காட்டுகிறாய் என்று எழுதவில்லையே தாயி. கண்ணாடிக் குச்சியாகத்தான் இருக்கும். நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் அதுதான் வழக்கம். வாட்ச் கிளாஸில் ஒரு சிட்டிகை உப்பு, அதில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ரெண்டு சொட்டு, குழைத்துக் குச்சி நுனியில் எடுத்து நீலச் சுவாலையில் பிடிப்பீர்கள். சிக்கல் என்னவென்றால் கண்ணாடியே சோடா என்கிற சோடிய உப்பு சேர்த்து உருக்கினதுதான். கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தால் குச்சியே சோடியத்தின் மஞ்சளில் எரியும். நீ அதைப் பார்த்து நோட்டில் சோடியம் என்று எழுதிவைப்பாய்.

குச்சி மட்டும் காரணம் இல்லை. விரல் வியர்வை, குழாய்த் தண்ணீர், மேஜைத் தூசி என்று சோடியம் இல்லாத இடம் கிடையாது. அது துளி இருந்தாலும் போதும், மற்றதை அமுக்கிவிடும். கோயில் கொடைக்குத் தெருமுனையில் கட்டின குழாய் ரேடியோ முழங்கும்போது வீட்டுக்குள்ளே பிள்ளை அழுவது கேட்குமா? அப்படித்தான்.

கம்பிக்கு மாறிவிடு. பிளாட்டினம் கம்பிக்கு எந்தப் பள்ளிக்கூடமும் காசு தராது. நிக்ரோம் போதும். எலக்ட்ரிக் அடுப்புக்குள் சுருள் இருக்கிறதே, அதுதான் நிக்ரோம். எலக்ட்ரிக்கல் கடையில் தனியாகவே கிடைக்கும். விரல் நீளம் வெட்டி, நுனியைக் குண்டூசித் தலை அளவுக்கு வளையமாக்கு. அமிலத்தில் முக்கு, தீயில் காட்டு, மறுபடி முக்கு, மறுபடி காட்டு. வெறும் கம்பியைப் பிடித்தால் சுவாலை நிறம் மாறக் கூடாது. அதுவரைக்கும் உப்புப் பக்கமே போகாதே. சுத்தம் செய்த நுனியை விரலால் தொட்டுப் பார்க்கிற ஆசை எல்லாருக்கும் வரும். தொட்டால் திரும்ப முதலிலிருந்து.

பர்னரின் காற்றுத் துளையை நன்றாகத் திறந்து, சுவாலை நீலமாகச் சீறும்போது அதன் அடிப்பக்க ஓரத்தில் கம்பியை நுழை. நடுவில் குத்தாதே. நிறத்தோடு சேர்த்து நேரத்தையும் பார்க்க வேண்டும்; புத்தகத்தில் இதை எழுத மாட்டார்கள். கால்சியம் அவசரக்காரன். நுழைந்த கணத்தில் செங்கல் நிறத்தில் ஒரு மினுக்கு, தோழியைக் கூப்பிடுவதற்குள் போய்விடும். அமிலத்தில் தொட்டுக் காட்டினால் திரும்ப வரும். ஸ்ட்ரான்சியமும் அதே ரகம், சிவப்பு மட்டும் இன்னும் ஆழம். பேரியம் நேர் எதிர். முதலில் மஞ்சள்தான் வரும். அது அடங்கி, நுனி நன்றாகப் பழுத்த பிறகு சுவாலை ஓரத்தில் வெளிர்பச்சை மெல்ல ஏறும். ஏறினால் சீக்கிரம் போகாது. மஞ்சளைக் கண்டதும் கம்பியை வெளியே இழுக்கிறவளுக்கு பேரியம் ஆயுசுக்கும் தென்படாது. உன் பக்கத்து மேஜைப் பெண் பொறுமைசாலி, அவ்வளவுதான்.

ஏன் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். உலோகக் குளோரைடுகள் சுலபமாக ஆவியாகும். ஆவியானால்தான் சுவாலையில் நிறம் ஏறும். பச்சையைப் பார்த்ததோடு ‘பேரியம்’ என்று முடித்துவிடாதே. செம்பும் பச்சை, போரானும் பச்சை. உப்புக் கரைசலில் அசிட்டிக் அமிலமும் பொட்டாசியம் குரோமேட்டும் சேர்த்து மஞ்சள் வீழ்படிவு வருகிறதா பார். வந்தால் எழுது.

எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லைப் பொடித்துத் தீயில் காட்டினேன், நிறமே வரவில்லை. சிமெண்ட் ஆலைக்கே போகிற கல்லில் கால்சியம் இல்லையா?
*— பத்தாம் வகுப்பு மாணவன், தாழையூத்து*

கல்லில் கால்சியம் நிறையவே இருக்கிறது தம்பி. அது கார்பனேட்டாக உட்கார்ந்திருப்பதால் பர்னர் சூட்டுக்கு அசையாது. பொடியில் ஒரு சொட்டு அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும். அந்தக் கரைசலில் கம்பியை முக்கிக் காட்டு, செங்கல் சிவப்பு வரும். வெந்நீர்ப் பானை அடியில் படிகிற வெள்ளைக் காறையும், கரிசல் காட்டில் காலில் குத்துகிற சுக்கான் கல்லும் இப்படியே காட்டும். செய்கிறபோது ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும். இன்னொன்று, அந்தச் சிவப்பைத் தருவது தனிக் கால்சியம் அணு இல்லை. சுவாலைக்குள் கால்சியமும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து உண்டாகிற ஒரு மூலக்கூறு. பெரிய வகுப்புக்குப் போனால் படிப்பாய்.

மாமியார் காலத்துப் பெட்டியில் பொட்டலம் பொட்டலமாக வெள்ளைச் சரக்கு. படிகாரம், வெங்காரம், வெடியுப்பு, நவச்சாரம் என்று சொல்லுவார்கள். எது எது என்று எழுதி வைக்கவில்லை. தீயில் காட்டிக் கண்டுபிடிக்கலாமா அண்ணாச்சி?
*— இல்லத்தரசி, திருநெல்வேலி டவுன்*

நல்ல கேள்வி கேட்டீங்க மதினி. ரத வீதி நாட்டு மருந்துக் கடைகளில் இந்த நாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், கடைக்காரருக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். எங்கள் ஆய்வகத்தில் இதையே பிள்ளைகளுக்குப் பந்தயமாக வைப்போம். அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன், நீங்க வீட்டில் செய்ய வேண்டாம். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். கம்பி வளையத்தில் வைத்துக் காட்டினால் சட்டென்று உருகித் தண்ணீராக நிற்கும், சுவாலை ஓரம் கத்தரிப்பூ நிறத்தில் வெளுத்து எரியும். சோடியம் கலந்திருந்தால் அந்த நிறம் மறைந்துவிடும். அதற்குத்தான் நீலக் கோபால்ட் கண்ணாடி. அதை வைத்துப் பார்த்தால் மஞ்சள் அப்படியே காணாமல் போய், பொட்டாசியம் மட்டும் கருஞ்சிவப்பாகத் தெரியும். வெடியுப்பு மஞ்சளாக எரியாமல் ஊதாவாக எரிகிறது என்பதை வைத்துத்தான் 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் மார்க்ராஃப் சோடியம் உப்பையும் பொட்டாசியம் உப்பையும் பிரித்துச் சொன்னார்.

நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு. அதில் உலோகமே கிடையாது, நிறமும் வராது. உருகாமலே வெள்ளைப் புகையாக மேலே போய்விடும். கம்பி காலியாக நிற்கும்.

படிகாரமும் வெங்காரமும்தான் ஆளைக் குழப்பும். ரெண்டுமே சூடு பட்டதும் பொரி மாதிரி உப்பிப் பெருகும், உள்ளே பிடித்துவைத்த தண்ணீர் வெளியேறுவதால். அதற்கப்புறம்தான் வேடிக்கை. படிகாரம் உப்பின இடத்திலேயே வெள்ளைப் பஞ்சாக நின்றுவிடும். வெங்காரம் அடங்கி, சுருங்கி, உருகி, வளையத்துக்குள் கண்ணாடி மணியாக உருளும். தட்டார்கள் பற்றவைக்கிறபோது அதைத் தூவுவது அதற்காகத்தான். அந்த மணியில் செம்பு உப்பு துளி தொட்டுத் திரும்ப உருக்கினால் சூட்டில் பச்சையாகவும் ஆறினால் நீலமாகவும் இருக்கும். கோபால்ட் தொட்டால் கடும் நீலம். வெங்காரத்தில் போரான் இருக்கிறது, போரான் பச்சையாக எரியும் என்று புத்தகம் சொல்லும். வெறுமனே காட்டினால் அதே வெங்காரத்தில் இருக்கிற சோடியம் மஞ்சளைக் கொட்டி அந்தப் பச்சையை மூடிவிடும். ஆக, இந்த ரெண்டையும் பிரித்துக் காட்டுவது சுவாலையின் நிறம் இல்லை, உருகுகிற விதம்.

படிகாரத்திலும் ஒரு பிடி உண்டு. பொட்டாசியம் சேர்ந்த படிகாரம் கத்தரிப்பூ நிறம் காட்டும்; அம்மோனியம் சேர்ந்தது ஒன்றும் காட்டாது; தண்ணீர் தெளிய வைக்கக் கட்டியாக விற்பது பெரும்பாலும் வெறும் அலுமினியம் சல்ஃபேட், அதுவும் பேசாது.

இப்போ, வீட்டில் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், பழைய சித்த வைத்தியப் பெட்டியில் வெள்ளையாக இருப்பது இந்த நாலு மட்டும்தானா? வீரம் வெள்ளை, அது பாதரசக் குளோரைடு. வெள்ளைப் பாஷாணம் ஆர்சனிக். ரெண்டும் சூடு பட்டால் ஆவியாகி நேரே மூக்குக்குள் போகும். தெரியாத பொட்டலத்தை அடுப்பில் காட்டுவது, நாக்கில் வைப்பது ரெண்டும் ஒன்றுதான். பொட்டலங்களைப் பிரிக்காமல் ஒரு மூடி போட்ட டப்பாவில் வைத்து, பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறையில் கேளுங்க. மருந்துக்கென்று எதையும் அதிலிருந்து எடுக்காதீங்க, அது உண்மையான படிகாரமாகவே இருந்தாலும்.

இந்துப்பு அசல்தானா என்று தீயில் பார்க்கலாமா?
*— வாசகர், களக்காடு*

முடியாது. இந்துப்பும் சோடியம் குளோரைடு, தூத்துக்குடி உப்பளத்து உப்பும் சோடியம் குளோரைடு. ரெண்டும் மஞ்சள். ‘சோடியம் குறைத்த உப்பு’ என்று விற்கிறார்களே, அதில் பொட்டாசியம் கலந்திருக்கிறதா என்று வேண்டுமானால் கோபால்ட் கண்ணாடி வைத்துச் சொல்லலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அந்த உப்பை டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கேஸ் அடுப்பு சில நேரம் ஆரஞ்சாக எரிகிறது. சிலிண்டரில் கலப்படமா?
*— வாசகி, அம்பாசமுத்திரம்*

சோறு பொங்கிக் கஞ்சி வடிந்ததா? உப்புத் தண்ணீர் பர்னரில் பட்டால் சோடியம் மஞ்சள் சுடர்விட்டு எரியும். காய்ந்ததும் நின்றுவிடும். நிற்காமல் எப்போதும் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரியானால் அது வேற விஷயம்: காற்று போதவில்லை. பர்னர் ஓட்டையைக் குத்திச் சுத்தம் பண்ணுங்க, ஜன்னலைத் திறந்து வையுங்க.

எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு, வரிசையாகக் கிண்ணங்களில் உப்புகளைப் போட்டு மெத்தனால் ஊற்றிக் கொளுத்தி வானவில் காட்ட நினைக்கிறோம். அளவு சொல்லுங்கள்.
*— ஆசிரியர், சங்கரன்கோவில்*

அளவு சொல்ல மாட்டேன் சார். அதைச் செய்யாதீங்க என்றுதான் சொல்லுவேன்.

மெத்தனால் எரிகிற தீ வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஒரு கிண்ணம் அணைந்துவிட்டது என்று நினைத்து, குப்பியிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றப் போவார்கள். தீ ஆவியைப் பிடித்துக் குப்பி வாய்க்கு ஏறி, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் மேல் சீறும். அமெரிக்கப் பள்ளிகளில் இந்த ஒரே செய்முறையில் பிள்ளைகள் திரும்பத் திரும்ப வெந்துபோய், 2014-ல் அமெரிக்க வேதியியல் கழகமே இதை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டது. நம்ம ஊர்க் கண்காட்சியில் கூட்டம் மேஜையை ஒட்டித்தான் நிற்கும், பாவாடை தாவணியோடு. யோசித்துப் பாருங்க.

அதே வானவில்லை ஐஸ் குச்சியில் காட்டலாம். மருந்துக் கடைக் குச்சி கிடைத்தால் இன்னும் நல்லது, இனிப்பு ஒட்டியிருக்காது. உப்புகளை பேட்டரித் தண்ணீரில், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீரில் (பேட்டரி அமிலத்தில் இல்லை), கரையுங்க. குழாய்த் தண்ணீரில் கரைத்தால் எல்லாக் கிண்ணமும் மஞ்சள்தான். ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, ஈரத்தோடு பர்னர் ஓரத்தில் காட்டினால் நிறம் வரும். குச்சி தீப்பிடிக்கிறதுக்கு முன்னால் எடுத்துப் பக்கத்து வாளித் தண்ணீரில் போட்டுவிடுங்க. செம்புக்கு மயில்துத்தம், விவசாய மருந்துக் கடையில் கிடைக்கும். அதில் கொஞ்சம் சமையல் உப்பு சேர்த்தால் நீலம் கூடும் என்று யாராவது சொல்லுவார்கள். குளோரின் சேர்ந்தால் நீலம் கூடும் என்பது உண்மை. ஆனால் சமையல் உப்பில் சோடியமும் வந்து குட்டையைக் குழப்பும். நவச்சாரம் சேருங்க. பேரிய உப்பு விஷம், அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீங்க. பச்சைக்கு போரிக் அமிலம் போதும்.

ஓரத்தில் ஒரு அட்டைப் பெட்டியும் வையுங்க. ஒரு பக்கம் பிளேடால் மெல்லிய கீறல், எதிர்ப்பக்கம் சாய்வாக ஒரு பழைய சி.டி. துண்டு, மேலே எட்டிப் பார்க்க ஒரு ஓட்டை. சோடியம் சுவாலையை அதில் பார்த்தால் மஞ்சள் ஒரே கோடாக நிற்கும். கண்ணுக்கு ஒரே சிவப்பாகத் தெரிகிற லித்தியமும் ஸ்ட்ரான்சியமும் அதில் வேறு வேறாகப் பிரியும். கூட்டம் அந்தப் பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கும், பாருங்க.

பழைய இரும்புக் கடைக்குப் பின்னால் வயரைக் கொளுத்துகிறார்கள். நெருப்பு பச்சையும் நீலமுமாக எரிகிறது. ஏன்?
*— வாசகர், மேலப்பாளையம்*

உள்ளே செம்பு, மேலே பி.வி.சி. பி.வி.சி.யில் இருக்கிற குளோரின் செம்போடு சேர்ந்து ஆவியாகிப் பச்சை நீலமாக எரிகிறது. ஆய்வகத்தில் இதையே பெயில்ஸ்டீன் சோதனை என்று செய்வோம்: சுட்ட செம்புக் கம்பியால் ஒரு பிளாஸ்டிக்கைத் தொட்டுத் தீயில் காட்டினால், பச்சை வந்தால் அதில் குளோரின் மாதிரி ஏதோ இருக்கிறது. பார்க்க அழகுதான். அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சினும் இருக்கும். காற்று வீசுகிற பக்கம் பிள்ளைகளை விடாதீங்க, மாநகராட்சியில் புகார் கொடுங்க.

இந்த நிற வித்தையால் புதிதாக ஏதாவது உலோகம் கண்டுபிடித்திருக்கிறார்களா?
*— கல்லூரி மாணவர், தென்காசி*

ஹைடல்பெர்க்கில் பன்சனும் கிர்ச்சாஃபும் சுவாலையை வெறும் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு முப்பட்டகம் வழியாகப் பார்த்தார்கள். ஒவ்வொரு உலோகத்துக்கும் தனிக் கோடுகள். 1860-ல் டூர்க்ஹைம் ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சி வற்றவைத்ததில் யாருக்கும் சொந்தமில்லாத நீலக் கோடுகள் தெரிந்தன, அது சீசியம். அடுத்த வருஷமே சிவப்புக் கோடுகளால் ரூபிடியம். இத்தனைக்கும் பன்சன் இளமையிலேயே ஒரு வெடிவிபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். கண்ணாடி போடச் சொன்னால் முறைக்கிற மாணவர்களுக்கு இதைச் சொல்லுவேன்.

நம்ம பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் மதராஸ் வானாய்வகத்துப் போக்சனும் பார்த்தார்கள். சூரிய விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் மஞ்சள் கோடுகளின் அலைநீளம் 589.0, 589.6 நானோமீட்டர். இது 587.6. அந்த ஒன்றரை நானோமீட்டர் வித்தியாசத்தில்தான் ஹீலியம் இருந்தது; அது உலோகம் இல்லை, வாயு. பூமியில் அதை ராம்சே பிடித்தது 1895-ல்.

பச்சை மத்தாப்புக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?
*— வாசகர், கோவில்பட்டி*

பச்சைக்குப் பேரியம் வேண்டும். பேரிய உப்பு சேர்த்த பட்டாசுக்கு உச்ச நீதிமன்றத் தடை இருக்கிறது. 2021-லும் அதை உறுதிப்படுத்தினார்கள். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், அதற்கு அந்தச் சங்கடம் இல்லை. நீலம்தான் தொழில்காரர்களுக்குச் சவால்: செம்பும் குளோரினும் சேர்ந்த மூலக்கூறு சூடு கூடினால் உடைந்து நிறம் போய்விடும்.

பெயர் வேண்டாம். தெரிந்த ஒருவர் பழைய கோபுரக் கலசம் ஒன்று வைத்திருக்கிறார். அதில் இரிடியம் இருக்கிறதாம். சுரண்டி அமிலம் தொட்டுத் தீயில் காட்டினார், பச்சையாக எரிந்தது. ‘இரிடியம் இல்லாவிட்டால் பச்சை வருமா’ என்கிறார். பல லட்சம் கேட்கிறார். வாங்கலாமா?
*— கடையம் பக்கம்*

பச்சை வந்தது என்று நீங்களே எழுதியிருக்கீங்களே ஐயா. கலசம் செம்பு. செம்பு அமிலத்தில் பட்டுத் தீயில் காட்டினால் பச்சையாகத்தான் எரியும். அந்த ஆள் உங்களுக்கு முன்னாலேயே சோதனை செய்து, இது செம்பு என்று நிரூபித்துக் காட்டியிருக்கிறார்.

இரிடியம் என்கிற அபூர்வ உலோகம் உருகுவதே 2446 டிகிரி செல்சியஸில். பர்னர் சூட்டில் அது ஆவியாகவும் செய்யாது, நிறமும் தராது. அதன் சொந்தக்காரனான பிளாட்டினத்தைச் சுவாலைச் சோதனைக்குக் கம்பியாக வைத்திருப்பதே, எவ்வளவு சுட்டாலும் அது வாய் திறக்காது என்பதால்தான். தங்கமும் அப்படியே. இரும்பு, துத்தநாகம், அலுமினியம் எதுவும் நம்பி எழுதுகிற மாதிரி நிறம் தராது. மக்னீசியம் ஒளி விட்டாலும் அது 285 நானோமீட்டரில், புற ஊதாவில். நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஆக, நிறம் வராத பொருளில் உலோகம் இல்லை என்றும் சொல்ல முடியாது, நிறம் வந்த பொருளில் அந்த ஒரு உலோகம் மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது.

சந்தேகம் தீரவில்லை என்றால் தராசும் தண்ணீரும் போதும். ஒரு கன சென்டிமீட்டர் செம்பு 9 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. தங்கம் 19.3. இரிடியம் 22.5-க்கு மேல். கலசத்தை எடை போட்டு, விளிம்பு வரை தண்ணீர் நிரம்பின வாளியில் முக்கி, வழிந்த தண்ணீரை அளந்து, எடையை அதால் வகுத்துப் பாருங்க. உள்ளே காற்று நிற்காமல் பார்த்துக்கொள்ளணும். ‘கலசத்தைத் தண்ணீரில் போட்டால் சக்தி போய்விடும்’ என்று அவர் தடுப்பார். அரிசியை இழுக்கும் என்றும் அடுத்து சொல்லுவார்.

கோபுரக் கலசம் அவர் கைக்கு எப்படி வந்தது என்று அறநிலையத் துறையும் போலீசும் கேட்பார்கள், வாங்கினவரையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் எனக்கு அடுத்த கடிதம் எழுதாதீங்க. அந்தக் காகிதத்தில் புகார் எழுதி ஸ்டேஷனில் கொடுங்க.